வளையாத உடம்புக்கு ரோடு பைக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னோடு சைக்கிள் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் நாற்பதைத் தாண்டியவர்கள், நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள். எனக்கும் அதே கதைதான். காலை நீட்டி உட்கார்ந்து குனிந்தால் விரல் நுனி கணுக்காலுக்கு ஒரு சாண் இப்பாலேயே நின்றுவிடும். ரோடு பைக் வாங்கப் போகிறவர்களும், வாங்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே தொகுத்திருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்களில் முன்னால் சொன்னதை மறுபடி விளக்கவில்லை.

குனிஞ்சு கால் விரலைத் தொடவே முடியல. எனக்கெல்லாம் ரோடு பைக் சரிப்படுமா?

சரிப்படும். ரோடு பைக் என்றாலே பந்தயக்காரர் முதுகைத் தரைக்கு இணையாக வைத்துப் பறக்கிற படம்தான் நம் மனதில் வருகிறது. வளைந்த ஹேண்டில்பார் வைத்த எல்லா சைக்கிளும் அப்படி உட்கார வைப்பதில்லை.

வலி முதுகில் தெரிந்தாலும் பூட்டு பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது. தொடையின் பின்பக்கத் தசைகள் இடுப்பெலும்பின் அடியிலிருந்து முட்டிக்குக் கீழ்வரை ஓடுகின்றன. அவை இறுகியிருந்தால் இடுப்பெலும்பை முன்னால் சாய விடாமல் பிடித்து இழுக்கும். ஹேண்டில்பாரோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. அந்தக் குறையை ஈடுகட்டக் கீழ்முதுகு கூன் போடும், தோள் முன்னால் இழுபடும், சாலையைப் பார்க்கக் கழுத்து மேலே நிமிரும். கீழே சொல்லும் எல்லாத் திருத்தங்களும் ஒரே விஷயத்துக்காகத்தான்: உங்கள் இடுப்பு இன்று எவ்வளவு சாய்கிறதோ, அந்த அளவுக்குள் கை ஹேண்டில்பாருக்கு எட்ட வேண்டும்.

என் உடம்பு எவ்வளவு வளையும்னு வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும். தரையில் மல்லாந்து படுங்கள். ஒரு காலை மடக்காமல் மெதுவாகத் தூக்குங்கள். இன்னொரு கால் தரையிலேயே இருக்கட்டும். முட்டி மடங்கத் துடிக்கும் இடத்தில் நிறுத்துங்கள். கால் செங்குத்துக்குப் பக்கத்தில் வந்தால் உங்களுக்கு இந்தப் பக்கமே தேவைப்படாது. 60 டிகிரிக்கு முன்னாலேயே நின்றுவிட்டால் நீங்கள் என் கட்சி.

அடுத்து, அதே நிலையில் ஒரு முட்டியை மடக்கி மார்பை நோக்கி இழுத்துப் பாருங்கள். பாதி வழியில் இடுப்பு மடிப்பில் முட்டினாலோ, முட்டி நேராக வராமல் வெளிப்பக்கம் ஒதுங்கினாலோ குறித்துக்கொள்ளுங்கள். கிராங்க், அதாவது பெடலைத் தாங்கிச் சுழலும் கை, பற்றிய கேள்வியில் இது வரும். இரண்டு காலையும் தனித்தனியே பாருங்கள், இரண்டும் ஒரே மாதிரி இருப்பது அபூர்வம்.

எண்டூரன்ஸ் பைக், ரேஸ் பைக்னு பிரிக்கிறாங்களே, நிஜமாவே வித்தியாசம் இருக்கா, இல்ல விற்கிற தந்திரமா?

நிஜமாகவே இருக்கிறது. 2004-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் ரூபே என்ற மாடலைக் கொண்டுவந்தது. கருங்கல் பாவிய பாதைகளில் நடக்கும் பாரிஸ்–ரூபே பந்தயத்தின் பெயர்தான் அது. 2012-இல் டிரெக் நிறுவனத்தின் டொமானே வந்தது. நீண்ட தூரத்தைச் சற்று நிமிர்ந்த நிலையில் ஓட்டலாம் என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் இந்த எண்டூரன்ஸ் வகை.

ஆனால் பெயரை நம்பாதீர்கள், அளவுப் பட்டியலைப் பாருங்கள். அதில் ஸ்டாக், ரீச் என்று இரண்டு எண்கள் இருக்கும். பெடல் அச்சு சுழலும் மையத்திலிருந்து ஃபிரேமின் முன்குழாய் உச்சிவரை உள்ள உயரம் ஸ்டாக். அதே இரண்டு புள்ளிகளுக்கு நடுவே படுக்கைவாட்டத் தூரம் ரீச். நடுத்தர சைஸ் ரேஸ் பைக்கில் ஸ்டாக் சுமார் 560, ரீச் சுமார் 390 மில்லிமீட்டர் இருக்கும். அதே ஆளுக்கான எண்டூரன்ஸ் பைக்கில் ஸ்டாக் 590-ஐ ஒட்டியும் ரீச் 380-ஐ ஒட்டியும் இருக்கும். ஸ்டாக்கை ரீச்சால் வகுத்துப் பாருங்கள். 1.45-க்குக் கீழே வந்தால் அது குனிய வைக்கும் வண்டி, 1.55 பக்கம் வந்தால் நமக்கானது. எண்டூரன்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டி 1.47 வைத்திருப்பவர்களும் உண்டு.

ரெண்டு சைஸுக்கு நடுவுல மாட்டிக்கிட்டேன். பெருசா, சின்னதா?

"சின்னதை எடு" என்றுதான் பலர் சொல்வார்கள். நன்றாக வளைகிற உடம்புக்கு அது சரியான யோசனை. நம் விஷயத்தில் நான் அடுத்த பெரிய சைஸையும் பார்க்கச் சொல்வேன். ஒரு சைஸ் ஏறினால் ஸ்டாக் பொதுவாக 15 முதல் 20 மில்லிமீட்டர் கூடும், ரீச் 5 முதல் 10 வரைதான் கூடும். ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் துண்டுக்கு ஸ்டெம் என்று பெயர். கூடின ரீச்சை ஒரு குட்டை ஸ்டெம் போட்டுக் குறைத்துவிடலாம். இல்லாத உயரத்தைப் பிறகு கொண்டுவருவதுதான் பெரும்பாடு.

இதற்கும் எல்லை உண்டு. நேராக நிற்கும்போது மேல்குழாய் கவட்டையில் இடித்தாலோ, 70 மில்லிமீட்டர் ஸ்டெம் போட்டும் எட்டவில்லை என்றாலோ அது உங்கள் சைஸ் இல்லை.

கடையில ஓட்டிப் பார்க்கும்போது எதைக் கவனிக்கணும்?

ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்காதீர்கள், பத்து நிமிடமாவது ஓட்டுங்கள். சீட் உயரத்தை முதலில் வைத்துக்கொண்டு, பிரேக் லீவரின் ரப்பர் மேட்டில், அதாவது ஹூடில், கை வைத்து ஓட்டுங்கள். முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். சீராக மிதித்துக்கொண்டிருக்கும்போது, ஆளில்லாத இடத்தில், இரண்டு கையையும் ஹூடுக்கு மேலே ஒரு விரல் உயரம் தூக்கிப் பாருங்கள். அப்படியே இருக்க முடிந்தால் எடை சரியாகப் பரவியிருக்கிறது. மூக்குக் குப்புற விழப் பார்த்தால் எடை முழுக்கக் கையில் இருக்கிறது.

அப்புறம் இரண்டு விஷயம். ஹேண்டில்பாரை உயர்த்த இடம் தருவது முன் ஃபோர்க்கின் குழாய்தான், அதை உங்களைக் கேட்காமல் அறுக்கச் சம்மதிக்காதீர்கள். என்னுடைய முதல் ரோடு பைக்கில், பார்க்க அம்சமாக இருக்கும் என்று கடைக்காரரே 20 மில்லிமீட்டரை அறுத்துவிட்டார். அறுத்தது அறுத்ததுதான், ஒட்டவா முடியும்? இரண்டாவது, கேபிள்கள் எல்லாம் ஸ்டெம்முக்குள்ளேயே ஓடுகிற மாடலா என்று பாருங்கள். அழகுதான். ஆனால் பல மாடல்களில் ஸ்டெம் மாற்றப் பிரேக் குழாயைக் கழற்றி எண்ணெய் திரும்ப நிரப்ப வேண்டிவரும். அடிக்கடி திருத்தப் போகிறவருக்கு அது தலைவலி.

சரி, பைக் வந்துடுச்சு. முதல்ல எதைத் தொடறது?

எல்லோருடைய கையும் முதலில் ஹேண்டில்பாருக்குத்தான் போகும். அதை விடுங்கள். சீட் உயரம், சீட் முன்பின், சீட் சாய்வு, அதன் பிறகுதான் ஹேண்டில்பார். சீட் நகர்ந்தால் ஹேண்டில்பாரின் தூரமும் மாறிவிடும் என்பதால் வரிசையை மாற்றினால் இரண்டு முறை வேலை.

உயரத்துக்கு: சுவரைப் பிடித்துக்கொண்டு, ஓட்டும்போது போடும் ஷூவோடு சீட்டில் உட்காருங்கள். குதிகாலைப் பெடலில் வைத்துப் பின்னோக்கிச் சுற்றுங்கள். பெடல் அடியில் போகும்போது கால் நேராக நீள வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சரியக் கூடாது. பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதிக்கும்போது முட்டி தானாகக் கொஞ்சம் மடங்கியிருக்கும். எண்ணில் வேண்டுமென்றால், கவட்டையிலிருந்து தரைவரை வெறுங்காலோடு அளந்து 0.883-ஆல் பெருக்குங்கள். கிராங்க் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்புவரை அந்த உயரம். 80 சென்டிமீட்டர் என்றால் 70.6 வரும். இரண்டுமே தொடக்கப் புள்ளிகள்தான்.

பின்தொடை இறுகியவர்கள் இதைவிட 3 முதல் 5 மில்லிமீட்டர் தாழ்வாகத் தொடங்கலாம். சீட் உயரமாக இருந்தால் கீழே நீளும் காலுக்காக இடுப்பு இடம் வலமாக ஆடும், பாதம் கூராகக் கீழே நீளும், முட்டிக்குப் பின்னால் இழுக்கும். ஓட்டுபவருக்கு இந்த ஆட்டம் தெரியாது. பின்னால் வரும் நண்பரை மொபைலில் அரை நிமிடம் படம் எடுக்கச் சொல்லுங்கள். சட்டையின் கீழ் விளிம்பு தராசு முள் மாதிரி இரண்டு பக்கமும் சாய்ந்தால் இறக்க வேண்டும்.

சீட்டை முன்னால தள்ளிட்டா ஹேண்டில் கிட்ட வந்துடுமே, அது போதாதா?

நானும் இதைத்தான் செய்தேன். மூன்று வாரம் கை மரத்துப்போய்ச் சுற்றினேன்.

ஏன் என்று பார்க்க ஒரு சின்ன வேலை செய்யுங்கள். சுவரில் குதிகாலும் புட்டமும் ஒட்டும்படி நின்று முன்னால் குனியுங்கள். உடனே தடுமாறி முன்னால் அடி வைப்பீர்கள். சுவரை விட்டுத் தள்ளி நின்று குனியுங்கள். புட்டம் தானாகப் பின்னால் போகும், விழ மாட்டீர்கள். சைக்கிளிலும் இதேதான். பாதம் பெடலில் நிற்கிறது. மேலுடம்பு முன்னால் போக வேண்டுமென்றால் இடுப்பு பின்னால் போக இடம் வேண்டும். சீட்டை முன்னால் தள்ளினால் சுவரைக் கொண்டுவந்து வைத்த மாதிரி. விழாமல் பிடிப்பது கையின் வேலையாகிவிடுகிறது. டிரையத்லான் ஓட்டுபவர்கள் முன்னால் தள்ளுகிறார்களே என்றால், அவர்களுக்கு முழங்கை வைத்துச் சாய மெத்தைத் திண்டு இருக்கிறது.

கிராங்க் படுக்கையாக இருக்கும்போது முன்காலின் முட்டியிலிருந்து ஒரு நூல் குண்டைத் தொங்கவிட்டால் பெடல் அச்சுக்கு நேரே விழ வேண்டும் என்பது பழைய கணக்கு. அதை விதியாக எடுக்க வேண்டாம், தொடங்குவதற்கு நல்ல இடம். அங்கிருந்து 5 மில்லிமீட்டராகப் பின்னால் நகர்த்தி, மேலே சொன்ன கை தூக்கும் சோதனையைச் செய்யுங்கள். ஒன்று கவனம்: சீட் தண்டு பின்னால் சாய்ந்திருப்பதால், 10 மில்லிமீட்டர் உயர்த்தினாலே சீட் 3 மில்லிமீட்டர் பின்னாலும் போகும்.

சீட் மூக்கைக் கீழே சாய்ச்சா கவட்டை வலி போகுமா?

மட்டமாக வைத்துத் தொடங்குங்கள். ஒன்றிரண்டு டிகிரி கீழே சாய்ப்பது பலருக்கு இதமாக இருக்கும், இடுப்பும் கொஞ்சம் முன்னால் சாய உதவும். அதற்கு மேல் போனால் சறுக்கு மரம்தான். சறுக்கிச் சறுக்கி மறுபடி எடை கைக்கு வரும்.

சாய்வைவிட அகலம் முக்கியம். உட்காரும்போது பதியும் இரண்டு எலும்பு முனைகளும் சீட்டின் மேல் இருக்க வேண்டும். ஒரு அட்டைப்பெட்டித் துண்டைக் கடினமான முக்காலியில் வைத்து, முட்டியைக் கொஞ்சம் உயர்த்தி அழுத்தி உட்கார்ந்து எழுந்தால் இரண்டு பள்ளம் தெரியும். அவற்றின் நடுவிலிருந்து நடுவரை அளந்து, இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூட்டி சீட் அகலத்தைத் தேடத் தொடங்கலாம். தடிமனான ஜெல் மெத்தை வேண்டாம். எலும்பு அமிழ்ந்துபோய் நடுப்பகுதி மேலெழும்பி, அழுத்தக் கூடாத இடத்தை அழுத்தும். கவட்டை மரத்துப்போவதை "பழகிவிடும்" என்று விடவே கூடாது.

ஹேண்டில்பாரை எப்படி உயர்த்தறது? எவ்வளவு உயர்த்தலாம்?

சீட் உயரத்துக்குச் சமமாக வைத்துத் தொடங்குங்கள். யாராவது கேலி செய்தால் செய்யட்டும். ஸ்டெம்முக்கு மேலே ஸ்பேசர் வளையங்கள் இருந்தால் அவற்றைக் கீழே மாற்றுவது முதல் வழி. 10 மில்லிமீட்டர் உயர்த்தினால், குழாயின் சாய்வால் ஹேண்டில்பார் 3 மில்லிமீட்டர் கிட்டவும் வரும். இரண்டாவது வழி, ஸ்டெம்மைக் கவிழ்த்துப் போடுவது. பெரும்பாலான ஸ்டெம்கள் 6 டிகிரி கீழ்நோக்கி மாட்டப்பட்டு வருகின்றன. 100 மில்லிமீட்டர் ஸ்டெம்மைத் திருப்பிப் போட்டால் சுமார் 20 மில்லிமீட்டர் உயரமும் 6 மில்லிமீட்டர் நெருக்கமும் செலவில்லாமல் கிடைக்கும். இன்னும் வேண்டுமென்றால் 17 டிகிரி ஸ்டெம் இருக்கிறது, நடுவில் மேலெழும்பிய ஹேண்டில்பாரும் இருக்கிறது.

மாட்டும்போது மேல்மூடி ஆணியை முதலில் ஆட்டம் போகிற அளவுக்கு மட்டும் இறுக்குங்கள், ஸ்டெம்மின் பக்கவாட்டு ஆணிகள் அதன் பிறகு. மாற்றி இறுக்கினால் முன்பகுதி ஆடிக்கொண்டே இருக்கும். முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் தெரிந்துவிடும். ஆணிக்கான இறுக்கம் ஸ்டெம்மிலேயே அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் பக்கம். குழாய் கார்பன் என்றால் எத்தனை ஸ்பேசர்வரை போடலாம் என்று தயாரிப்பாளர் வரம்பு வைத்திருப்பார், அதைத் தாண்டாதீர்கள்.

ஸ்டெம் ரொம்பக் குட்டையா இருந்தா ஓட்டறது ஆட்டமா இருக்குமாமே?

10, 20 மில்லிமீட்டர் குறைத்தால் இரண்டு நாளில் பழகிவிடும். அதைவிட வேண்டுமென்றால் எல்லாவற்றையும் ஸ்டெம் தலையில் கட்டாமல் ஹேண்டில்பாரையும் பாருங்கள். அதற்கும் தனி ரீச் உண்டு, 70 இருக்கிறது, 85-உம் இருக்கிறது. பிரேக் லீவரை விரலுக்குக் கிட்டக் கொண்டுவரும் குட்டித் திருகு ஒன்று ரப்பருக்கு அடியிலோ லீவரிலோ இருக்கும். அதைத் தொடாமலேயே வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகுது. கிளவுஸ் மாத்தணுமா?

அந்த இரண்டு விரலுக்கும் போகும் நரம்பு உள்ளங்கையின் வெளிப்பக்க மேட்டின் வழியே போகிறது. அங்கே எடை விழுகிறது என்று அர்த்தம். கிளவுஸ் கொஞ்சம் தாங்கும், காரணத்தைத் தீர்க்காது. சீட் முன்னால் இருக்கிறதா, மூக்கு சாய்ந்திருக்கிறதா என்று மேலே சொன்ன இரண்டையும் முதலில் பாருங்கள். பிறகு ஹூடைப் பிடிக்கும்போது மணிக்கட்டு ஒடியாமல் முன்கையோடு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை பிடியை மாற்றுங்கள். ஓட்டி முடித்து மறுநாளும் மரப்பு இருந்தால் மருத்துவரிடம் போங்கள்.

டிராப்பை, அதான் ஹேண்டிலோட கீழ்வளைவை, பிடிக்கவே முடியல. பேசாம ஃபிளாட் ஹேண்டில் போட்டுடலாமா?

இருக்கிற ரோடு பைக்கில் போடாதீர்கள். ஹூடில் கை இருக்கும்போது அது ஹேண்டில்பாரின் நடுத்தண்டைவிட ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக முன்னால் இருக்கிறது. ஃபிளாட் தண்டில் அந்த முன்னீட்டம் கிடையாது, அதே ஸ்டெம்மில் போட்டால் மடியில் ஹேண்டில் வந்து விழும். பிரேக், கியர் லீவர் எல்லாம் வேறு மாற்ற வேண்டும், கேபிள் இழுப்பு அளவு பொருந்தாமலும் போகும். ஃபிளாட்தான் வேண்டும் என்றால் அப்படியே வடிவமைத்த சைக்கிளை வாங்குங்கள்.

அதற்கு முன்னால், கீழ்வளைவின் ஆழம் 120 மில்லிமீட்டர் அளவில் இருக்கும் ஹேண்டில்பாரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஹூடை இன்னும் உயர்த்தினால் டிராப்பும் கூடவே உயரும். செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கை அழுத்தமாகப் பிடிக்க டிராப்தான் வசதி. அந்த ஐந்து நிமிடத்துக்காவது கை எட்ட வேண்டும்.

கிராங்கைக் குட்டையாக்கினா இடுப்புக்கு நல்லதுன்னு சொல்றாங்க. உண்மையா?

மார்புக்கு முட்டி வராதவர்களுக்கு உண்மை. பெடல் உச்சிக்கு வரும்போது தொடை வயிற்றை நோக்கி மடங்குகிறது. அங்கே இடமில்லாவிட்டால் முட்டி வெளியே ஒதுங்கும், அல்லது கீழ்முதுகு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு குலுங்கு குலுங்கும். 172.5 மில்லிமீட்டர் கிராங்கிலிருந்து 165-க்கு மாறினால் பெடல் அடியில் 7.5 மில்லிமீட்டர் மேலே வந்துவிடும், அதனால் சீட்டையும் 7.5 உயர்த்துவோம். உச்சியில் முட்டி, இடுப்பை வைத்துப் பார்த்தால், 15 மில்லிமீட்டர் கீழே இருக்கும். சீட் உயர்ந்ததால் ஹேண்டில்பாரையும் அதே அளவு உயர்த்த மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கின கதை.

டயரைப் பெருசாக்கினா முதுகு வலி குறையுமா?

உட்காரும் நிலை தப்பாக இருந்தால் டயர் காப்பாற்றாது. நிலை சரியான பிறகு, மிச்சமிருக்கும் அதிர்வுக்கு இதைவிட மலிவான மருந்து இல்லை. ஃபிரேமில் இடம் இருக்கிறதா என்று பார்த்து 30 அல்லது 32 மில்லிமீட்டர் போடுங்கள். காற்றையும் குறைக்க வேண்டும். 25 மில்லிமீட்டரில் 90 பி.எஸ்.ஐ. வைத்து ஓட்டியவர் 32-க்குப் போய் அதே 90 வைத்தால் கல்லில் உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும். 70 கிலோ ஆளுக்கு 60 பக்கம் தொடங்கலாம். டயரைக் கவ்வும் கொக்கி விளிம்பு இல்லாத ஹுக்லெஸ் ரிம் என்றால் 72.5-ஐத் தாண்டவே கூடாது.

கிளீட் ஷூ போட்டதிலிருந்து முட்டி வலி. கிளீட்ல என்ன பார்க்கணும்?

ஷூவின் அடியில் இருந்து பெடலில் பூட்டிக்கொள்ளும் துண்டுதான் கிளீட். இறுகிய உடம்புக்குப் பாதம் கொஞ்சம் திரும்ப இடம் கொடுக்கும் கிளீட் வேண்டும். நிறத்தைப் பார்த்து வாங்கி ஏமாறுகிற இடம் இது. ஷிமானோ எஸ்.பி.டி.–எஸ்.எல். வகையில் சிவப்பு துளியும் அசையாதது, மஞ்சள் 6 டிகிரி. லுக் கியோ வகையில் அப்படியே தலைகீழ், சிவப்புதான் அதிகம் அசைவது, 9 டிகிரி, கறுப்பு அசையாதது. கிளீட்டைக் குதிகால் பக்கம் நகர்த்தினால் ஆடுசதையின் பாரமும் குறையும். முட்டிக்கு முன்னால் வலித்தால் சீட் தாழ்வா என்றும், பின்னால் வலித்தால் உயரமா என்றும் கூடவே பாருங்கள்.

எல்லாத்தையும் நிமிர்த்தி வச்சுட்டேன். இப்ப புட்டமும் கீழ்முதுகும் அதிகமா வலிக்குதே?

அளவுக்கு மேல் நிமிர்த்திவிட்டீர்கள். நேராக நிமிர்ந்தால் எடை முழுக்க சீட்டில் இறங்குகிறது, பள்ளத்தில் விழும் ஒவ்வொரு அடியும் முதுகெலும்பில் நேராக ஏறுகிறது. கொஞ்சம் முன்சாய்வு இருந்தால் முதுகு வில் மாதிரி வாங்கிக்கொள்ளும். ஒரு ஸ்பேசரை மேலே மாற்றி ஹேண்டில்பாரை இறக்கிப் பாருங்கள். நிமிர்ந்த நிலைக்கு முன்பைவிட அகலமான சீட்டும் தேவைப்படலாம்.

தினமும் ஸ்ட்ரெட்ச் பண்ணினா ரேஸ் பைக் மாதிரி இறக்கிடலாமா?

சில மாதம் விடாமல் செய்தால் பின்தொடை நிச்சயம் தளரும். அதோடு வயிறு, புட்டத் தசைகளுக்கும் பலம் வேண்டும். நீளும் தசை இருந்தும் தாங்கும் தசை இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு பழைய கூன் திரும்பிவிடும். எனக்கு எட்டு மாதத்தில் 10 மில்லிமீட்டர் இறக்க முடிந்தது. அதற்கடுத்த 10-ஐ முயன்று பார்த்துவிட்டு ஸ்பேசரைத் திருப்பிப் போட்டுவிட்டேன். எலும்பும் மூட்டும் அமைந்த விதத்தால் வரும் எல்லையை ஸ்ட்ரெட்ச் மாற்றாது.

இவ்வளவு மாத்தினா எது எதனால சரியாச்சுன்னு எப்படித் தெரியும்?

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், அதுவும் 5 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். மாற்றினபின் இரண்டு மூன்று முறையாவது ஓட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்தது. கை வைக்கத் தொடங்குவதற்கு முன்னால் சீட் தண்டில் ஒரு டேப் சுற்றுங்கள், சீட் கம்பியில் பேனாவால் கோடு போடுங்கள், ஸ்பேசர் அடுக்கை மொபைலில் படம் எடுங்கள். என் சீட் தண்டில் இன்னமும் மூன்று டேப் வளையம் இருக்கிறது. கீழே இருப்பது கடைக்காரர் வைத்தது, மேலே இருப்பது நான் பயந்துபோய் இறக்கியது. இப்போது ஓட்டுவது நடுவில் இருப்பதற்கு இரண்டு மில்லிமீட்டர் மேலே.